வார்ப்பில் ஒதுங்கிப்போன ஓட்டையை லேத்தில் நடுவுக்குக் கொண்டுவருவது

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறையில் என் பட்டறைக்கு வரும் வேலையில் பாதி, கோயமுத்தூர் வார்ப்புகள்தான். பம்ப்பு பிராக்கெட், எண்ணெய்ச் செக்கின் பேரிங் வீடு, நெல் மில்லின் புல்லி என்று வேலந்தாவளம் வழியாக டெம்போவிலும் பஸ்ஸிலும் வந்து இறங்கும். எல்லை தாண்டி இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவதால், மலையாளத்துக்காரர்களும் கோவை காஸ்டிங்கையே வாங்குகிறார்கள். அப்படி வந்த புல்லி ஒன்றைப் போன மாதம் ஒரு செக்குக்காரர் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்ண்ணா, ஓட்டை ஒரு பக்கமாப் போயிருக்குதுங்க. இதை வெச்சு ஆகுமா, திருப்பிக் கொண்டுபோறதா?"

வாங்கிப் பார்த்தேன். ஆறங்குல புல்லி, இரண்டு பெல்ட் ஓடுவது. ஷாஃப்ட் நுழையும் நடுக் குடமான ஹப் 70 மி.மீ. நடுவில் வார்க்கும்போதே மணல் கோர் வைத்து விட்ட ஓட்டை 28 மி.மீ. புல்லி ஏற வேண்டிய அவருடைய ஷாஃப்ட் 35 மி.மீ. ஓட்டை நடுவிலிருந்து 3 மி.மீ. ஒதுங்கியிருந்தது, கண்ணாலேயே தெரிந்தது. ஆகும் என்று சொல்லி வாங்கி வைத்தேன். அந்த வேலையை வைத்தே முறையைச் சொல்கிறேன்.

முதலில், இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. ஓட்டை வர வேண்டிய இடத்தில் மணலில் செய்த கோரை நிறுத்திவிட்டுத்தான் இரும்பை ஊற்றுகிறார்கள். உருகிய இரும்பு தண்ணீரைவிட ஏழு மடங்கு கனம். மணல் கோர் அதன் முன்னால் தக்கை மாதிரி, மிதக்கத்தான் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்தும் குழி தேய்ந்திருந்தாலோ, மணல் அச்சின் மேல் பெட்டியும் கீழ்ப் பெட்டியும் சரியாகப் பொருந்தாமல் இருந்தாலோ, கோர் நகரும் அல்லது சாயும். நகர்வதும் சாய்வதும் வேறு வேறு. நகர்ந்தால் ஓட்டை முழு நீளத்துக்கும் ஒரே அளவு தள்ளியிருக்கும். சாய்ந்தால் முன்பக்கம் 3 மி.மீ., பின்பக்கம் 1 மி.மீ. என்று இருக்கும். ஆகவே எந்த வார்ப்பையும் இரண்டு முகத்திலும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பார்த்து சக்கில் (லேத்தில் வேலையைப் பிடித்துச் சுற்றும் பிடியில்) மாட்டி, பாதி வேலையில் பின்பக்கம் வார்ப்பின் மேல்தோல் போகாமல் நிற்பதைப் பார்க்கிற துக்கம் யாருக்கும் வேண்டாம்.

பத்தொன்பது வயதில், கோவையில் ஒரு பட்டறையில் வேலை கற்றுக்கொண்டிருந்தபோது இதே மாதிரி ஒரு ஹப்பை என் கையில் கொடுத்தார்கள். சக்கில் நடு பார்த்துக் கட்டிவிட்டேன், அதுவரை சரி. அப்புறம் சக்குக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் டெய்ல்ஸ்டாக்கில் 32 மி.மீ. ட்ரில்லை மாட்டி உள்ளே விட்டேன். முனை உள்ளே போனதும் ட்ரில் வளைவது கண்ணுக்குத் தெரிந்தது. டெய்ல்ஸ்டாக் முனகியது. வெளியே எடுத்துப் பார்த்தால் ஓட்டை பெரிதாகியிருந்தது, இடம் மாறவே இல்லை. வாயில் ஒரு அளவு, அடியில் ஒரு அளவு. ட்ரில்லின் ஒரு உதடு (வெட்டும் ஓரம்) வேறு பிய்ந்துபோயிருந்தது. மேஸ்திரி வந்து பார்த்துத் திட்டவில்லை. "வழி இருந்தா ட்ரில் அந்த வழியிலதான் போகும். போரிங் டூலைப் போடு" என்று மட்டும் சொன்னார்.

இந்த வேலையின் உயிர் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது. ட்ரில்லுக்கு இரண்டு உதடு. இரண்டும் ஒரே அளவு வெட்டினால்தான் அது நேராகப் போகும். ஓட்டை ஒதுங்கியிருக்கும்போது ஒரு உதட்டுக்குக் கனமான இரும்பு, இன்னொன்றுக்குக் காற்று. கனம் இருக்கிற பக்கம் ட்ரில்லைப் பிடித்துத் தள்ள, அது பழைய ஓட்டைக்கே சாய்கிறது. ஓட்டையை அளவுக்குக் கொண்டுவரும் ரீமரும் அப்படித்தான், இருக்கிற ஓட்டையின் பின்னாலேயே போகும். மூன்று நாலு உதடு உள்ள கோர் ட்ரில் கொஞ்சம் தேவலை, ஆனாலும் 3 மி.மீ. தவறை அதனால் திருத்த முடியாது. ஓட்டையின் உள்சுவரைக் கடையும் போரிங் டூலுக்கு ஒரே முனை. அது ஓட்டையில் சாய்ந்து நிற்பதில்லை, டூலைப் பிடிக்கும் டூல் போஸ்ட்டில் நிற்கிறது. வேலைதான் சக்கைச் சுற்றும் ஸ்பிண்டிலோடு சேர்ந்து சுற்றுகிறது. ஆகவே புது ஓட்டை ஸ்பிண்டிலின் நடுவில்தான் விழும், பழைய ஓட்டை எங்கே இருந்தாலும்.

சரி, மாட்டுவதற்கு முன்னால் மார்க்கிங். வேலையை நான் தீர்மானிப்பது இங்கேதான், ஆகவே அவசரமே படுவதில்லை. ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சாக்பீஸைப் பூசுவேன். ஓட்டைக்குள் ஒரு மரத்துண்டை இறுக்கி அடித்து, முகத்தோடு மட்டமாகச் சீவிவிடுவேன். நடு குறிக்க ஒரு இடம் வேண்டுமே, அதற்குத்தான் மரம். தென்னை வேண்டாம், நார் நாராக வரும். பூவரசு நன்றாக இருக்கும். அப்புறம் ஜென்னி காலிப்பரை (ஒரு கால் ஓரத்தில் உரச, மறு கால் கோடு கீறும் கருவியை) வைத்து நாலு பக்கத்திலிருந்தும் வில் போட்டு நடுவைப் பிடிக்க வேண்டும்.

எந்தப் பரப்பிலிருந்து வில் போடுவது? பழகினவர்களே இதில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். புல்லியின் வெளி விளிம்பை எப்படியும் பின்னால் கடைந்துவிடுவோம். அது இப்போது எப்படி இருந்தாலும் கவலையில்லை. விளிம்பின் உள்பக்கத்தில் கடைசிவரை டூல் படாது, வார்ப்பு வார்ப்பாகவே நிற்கும். ஆகவே அந்த உள்பக்கத்தை நம்பித்தான் நடு பார்க்க வேண்டும். அப்போதுதான் கடைந்து முடித்த பிறகு விளிம்பின் கனம் சுற்றிலும் ஒன்றாக இருக்கும், புல்லி ஓடும்போது அதிராது. மெஷின் படாத பரப்பை வைத்து நடு பிடிப்பது எல்லா வார்ப்புக்கும் பொருந்தும். பம்ப்பு பிராக்கெட்டானாலும் இதையே செய்வேன்.

நடு கிடைத்ததும் காம்பஸில் 17.5 மி.மீ. ஆரம் வைத்து, முடிவாக வரப்போகும் 35 மி.மீ. வட்டத்தைச் சாக்பீஸின் மேல் போடுவேன். அந்த வட்டம் பழைய ஓட்டைக்குச் சுற்றிலும் வெளியே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வேலை ஆகும். கணக்காகச் சொன்னால், கோர் ஓட்டையின் விட்டத்தோடு ஒதுங்கிய தூரத்தை இரண்டு மடங்காகக் கூட்டிப் பாருங்கள். இந்தப் புல்லிக்கு 28-ம் 6-ம் சேர்ந்து 34. முடிவு அளவு 35. ஒரு பக்கம் 6.5 மி.மீ. போகும், எதிர்ப்பக்கம் 0.5 மி.மீ. மட்டும். அரை மில்லிக்குள் வார்ப்பின் தோல் போய்விட்டால் தப்பித்தோம். பின்முகத்திலும் இதே வட்டம் போட்டுப் பார்த்தேன். அங்கே 2 மி.மீ.தான் ஒதுக்கம், அதாவது கோர் கொஞ்சம் சாய்ந்தும் இருந்தது.

வட்டம் பழைய ஓட்டையை வெட்டிக்கொண்டு போனால்? உதாரணமாக 4.5 மி.மீ. ஒதுங்கியிருக்கிறது என்று வையுங்கள். 28-ம் 9-ம் சேர்த்து 37, ஷாஃப்ட்டோ 35. உடனே தூக்கிப் போட வேண்டாம். தவறைப் பங்கு போடலாம். நடுவை ஓட்டையின் பக்கமாக 1.5 மி.மீ. நகர்த்தி வைத்தால் மிச்ச ஒதுக்கம் 3 மி.மீ. ஆகிவிடும், ஓட்டை சுத்தமாக வரும். அதற்கு விலையை வெளி விளிம்பு கொடுக்கும். கடைவதற்காகச் சுற்றிலும் 3 மி.மீ. விட்டிருந்தால், ஒரு பக்கம் 1.5-ம் மறுபக்கம் 4.5-ம் போகும், தோல் எங்கும் நிற்காது. பெல்ட் பள்ளத்துக்கு அடியில் மெலிந்த பக்கத்தில் போதிய கனம் நிற்குமா என்று மட்டும் முன்பே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். நிற்காது என்றால் அந்த வார்ப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுவதுதான் நியாயம். ஓடுகிற பெல்ட்டோடு விளிம்பு உடைந்தால் பக்கத்தில் நிற்பவரின் கதி என்ன ஆவது.

சக்கில் கட்டுவது. மூன்று ஜா (பிடிக்கும் தாடை) உள்ள சக் இந்த வேலைக்கு உதவாது. அது வெளி விளிம்பைப் பிடித்துத் தானாக நடுவுக்கு இழுக்கும், நமக்கு அந்த விளிம்பின் நடு வேண்டாம். நாலு ஜா சக்கில், ஒவ்வொரு ஜாவும் தனித்தனியாக நகர்வதில், விளிம்பைப் பிடியுங்கள். ஜாவுக்கு அடியில் ஒட்டியிருக்கும் மணலைத் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி வேலையில் மணல் நொறுங்கிப் பிடி தளரும். வார்ப்பின் முதுகு சக்கின் முகத்தில் ஒட்ட வேண்டாம். போரிங் டூல் பின்னால் வெளியே வர இடம் வேண்டும், நான் அரை அங்குலம் விடுவேன்.

கரடான வார்ப்புக்கு ஆட்டத்தை முள்ளில் காட்டும் டயல் கேஜ் தேவையில்லை, முள் துள்ளிக்கொண்டே இருக்கும். டூல் போஸ்ட்டில் கோடு கீறும் ஒரு வளைந்த ஸ்க்ரைபர் முனையைக் கட்டி, விளிம்பின் உள்பக்கத்துக்கு அருகில் கொண்டுபோய், சக்கைக் கையால் சுற்றுங்கள். எதிரெதிர் ஜா இரண்டையும் ஒரு ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் இடைவெளி 1 மி.மீ., எதிரில் 3 மி.மீ. என்றால், நகர்த்த வேண்டியது வித்தியாசத்தில் பாதி, 1 மி.மீ. ஒன்றைத் தளர்த்திவிட்டு எதிர் ஜாவை இறுக்குங்கள். இந்த ஜோடி சரியான பிறகுதான் அடுத்த ஜோடி. இரண்டையும் ஒரே நேரத்தில் துரத்தினால் மாலைவரை துரத்திக்கொண்டே இருக்கலாம். புதிதாக வரும் பையன்களுக்கு ஜாவின் மேல் சாக்பீஸில் 1, 2, 3, 4 என்று எழுதிக் கொடுத்துவிடுவேன். நடு வந்த பிறகு விளிம்பின் ஓரத்தில் முனையை வைத்து, முகம் ஆடுகிறதா என்றும் பாருங்கள். ஆடினால் மரச்சுத்தியால் தட்டி உட்காரவைத்து, மறுபடி நடு பார்க்க வேண்டும். அரை மில்லிக்குள் வந்தால் வார்ப்புக்கு அது போதும். கடைசியில் சாக்பீஸ் வட்டத்தின் மேல் முனையை வைத்து ஒரு சுற்று. முனை கோட்டிலேயே ஓடினால் மார்க்கிங்கும் செட்டிங்கும் ஒத்துப்போகின்றன. மரத்துண்டைத் தட்டி எடுத்துவிடலாம்.

இனி டூல். முனையைத் தாங்கும் போரிங் பார் எவ்வளவு தடியாக உள்ளே போகுமோ அவ்வளவு தடி, எவ்வளவு குட்டையாக வெளியே நீட்டினால் போதுமோ அவ்வளவு குட்டை. 16 மி.மீ. பாருக்குப் பதில் 20 மி.மீ. போட்டால் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. வெளியே நீட்டுவதைப் பாதியாக்கினால் வளைவது எட்டில் ஒரு பங்குதான். ஸ்டீல் பாரை அதன் தடிமனைப் போல் நாலு மடங்குக்கு மேல் நீட்டவே கூடாது. முனை நடு மட்டத்துக்கு ஒரு மயிரிழை மேலே இருக்கட்டும். வெட்டும்போது பார் கொஞ்சம் கீழே அமுங்கும், அப்போது முனை சரியாக மட்டத்துக்கு வரும். மட்டத்துக்குக் கீழே வைத்தால் டூலின் குதிகால் ஓட்டையின் சுவரில் உரசும்.

விறைப்பை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. போரிங் டூல் பழைய ஓட்டையின் பின்னால் போகாது என்றேன். பார் வளைந்தால் அதுவும் கொஞ்சம் போகும். கனமான பக்கம் வரும்போது டூல் பின்வாங்கும், மெலிந்த பக்கத்தில் நிமிரும். முதல் சுற்று முடித்து அளந்தால் பழைய ஒதுக்கத்தின் சாயல் 0.2, 0.3 மி.மீ. இன்னும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்தடுத்த மெல்லிய வெட்டுகளில் அது தேய்ந்து போகும். ஒரே வெட்டில் முடிக்க நினைப்பவருக்கு அந்தச் சாயல் கடைசிவரை நிற்கும்.

முதலில் ஹப் முகத்தைக் கடைந்து மட்டமாக்கினேன். அப்புறம் ஓட்டைக்குள் ஒட்டியிருந்த மணலைக் கம்பி பிரஷ்ஷாலும், 0.5 மி.மீ. மட்டும் போக வேண்டிய பக்கத்தைச் சிறிய கிரைண்டர் கல்லாலும் சுரண்டினேன். வார்ப்பின் தோல் கடினம், மணலும் கலந்திருக்கும். டூலின் முனையை மழுக்குவது அதுதான். நல்ல இரும்பு மழுக்குவதில்லை. கார்பைட் முனை வைத்த டூல்தான் ரஃப் வேலைக்கு. ஆனால் முட்டி முட்டி வெட்டும்போது வேகம் அதிகமானால் கார்பைட் சில்லு தெறிக்கும். என் பழைய லேத்தில் நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல் போகவில்லை. எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் என்றால் 200 போதும்.

கட் ஒவ்வொன்றும் 1 மி.மீ. ஆழம், ஃபீட், அதாவது டூல் முன்னேறுவது, ஒரு சுற்றுக்கு 0.15 மி.மீ. முதல் நாலைந்து கட் ஒரு பக்கம் மட்டும்தான் படும். டக், டக், டக் என்று சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டு ஃபீடைக் கூட்டாதீர்கள். ஒவ்வொரு கட்டிலும் டூல் வெட்டுகிற வில் நீண்டுகொண்டே போகும், சத்தத்தின் இடைவெளி குறையும். ஆறாவது கட்டுக்கு அப்புறம் டக் டக் நின்று, சர்ர்ரென்று ஒரே சீரான சத்தம் வந்தது. பழைய ஓட்டை முழுக்கக் காணாமல் போன நேரம் அது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தச் சத்தம் மாறும்போது எனக்கு மனசு நிறைகிறது.

வார்ப்பிரும்புக்குத் தண்ணீர் விடாதீர்கள். ஸ்டீல் மாதிரி சுருள் வராது, பொடியாகத்தான் கொட்டும். தண்ணீரோடு சேர்ந்தால் அரைக்கிற பசையாகி லேத்தின் பெட், அதாவது டூல் நகரும் தளத்தைத் தின்றுவிடும். பெட்டின் மேல் அட்டையைப் போட்டு மூடிவிட்டு, வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் போடுங்கள். கண்ணாடி கட்டாயம். எங்கள் பக்கம் ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஷட்டருக்குள் புகுந்து இந்தப் பொடியை முகத்தில் வாரி அடிக்கும். அந்த மாதங்களில் போரிங் வேலைக்கு மேற்குப் பக்க ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். சுற்றும்போது ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

34.6 வந்ததும் டூலைக் கழற்றிச் சாணை பிடித்தேன். தோலை வெட்டிய முனையை வைத்து ஃபினிஷ் எடுக்கக் கூடாது. அப்புறம் 0.3 விட்டத்தில் ஒரு கட், ஆழத்தை மாற்றாமல் அதே அளவில் இன்னொரு முறை ஓட்டம். இந்த வெறும் ஓட்டத்தில் பார் நிமிர்ந்து மிச்சத்தை எடுக்கும். அளந்து, கடைசிக் கட். 35-க்கு நான் வைக்கும் எல்லை 35.00 முதல் 35.025 வரை. ரீமர் இருந்தால் 0.2 மி.மீ. விட்டுவிட்டு அதைப் போடலாம். இப்போது அது பின்னால் போவதற்கு நேரான ஓட்டை இருக்கிறது, பயமில்லை. வாய் ஓரத்தில் சிறிய சாம்பர் (சரிவு). செக்குக்காரரிடம் ஷாஃப்ட்டையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன், அதையே விட்டுப் பார்த்தேன். இறுக்கமாக, கையால் தள்ளினால் போகிற மாதிரி போனது.

ஓட்டை முடிந்த பிறகு மற்ற எல்லாவற்றுக்கும் அதுதான் நடு. புல்லியை மேண்ட்ரல் என்கிற தண்டில் ஏற்றி, லேத்தின் இரண்டு சென்டர் முனைக்கு நடுவில் வைத்து, வெளி விளிம்பையும் பெல்ட் பள்ளங்களையும் கடைந்தேன். இதைத் தலைகீழாகச் செய்து, விளிம்பை முதலில் கடைந்துவிட்டு ஓட்டையை அப்புறம் போட்டால், சக்கின் தவறு முழுவதும் புல்லியில் ஏறிவிடும்.

பங்கு போட்டும் தீராத அளவு ஒதுங்கிய வார்ப்புக்கு இன்னொரு வழி உண்டு. பழைய மெஷினின் உதிரிப் பாகம், புதிதாக வார்க்க அச்சே இல்லை என்கிற நேரத்தில் மட்டும் அதைச் செய்வேன். 80 மி.மீ. ஹப் என்றால், சரியான நடுவில் ஓட்டையை 50 மி.மீ.க்குப் பெரிதாக்கி, 50.03-ல் ஸ்டீல் புஷ் (குழாய் மாதிரி உறை) கடைந்து பிரஸ்ஸில் ஏற்றுவேன். புஷ்ஷின் உள் ஓட்டையை முன்கூட்டியே 35 ஆக்க மாட்டேன். 33-ல் விட்டு, ஏற்றிய பிறகு ஹப்போடு சேர்த்து சக்கில் கட்டி போரிங் செய்தால்தான் நடு பிசகாது. புஷ்ஷும் ஹப்பும் சேரும் கோட்டின் மேல் ட்ரில் போட்டு, பாதி இதில் பாதி அதில் இருக்கிற மாதிரி ஒரு பின் அடிக்க வேண்டும், இல்லையென்றால் பளுவில் புஷ் தனியாகச் சுற்றும். சிலர் ஓட்டையை வெல்டிங்கால் அடைத்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்வார்கள். வார்ப்பிரும்பில் வெல்டிங் ஓரம் கண்ணாடி மாதிரி கடினமாகிவிடும், வெடிக்கவும் செய்யும். நான் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை.

புல்லி ஷாஃப்ட்டில் நழுவாமல் இருக்கச் சாவிக்கட்டை உட்காரும் பள்ளமான கீவேயை ஸ்லாட்டிங் மெஷினில் போட்டு வாங்கிக்கொண்டேன். 35 ஷாஃப்ட்டுக்கு 10 மி.மீ. அகலம், ஹப்பில் 3.3 மி.மீ. ஆழம். ஹப்பில் கனமாக இருக்கிற பக்கத்தைப் பார்த்துக் கீவே வையுங்கள்.

கொடுக்கும் முன் ஒரு சோதனை. புல்லியை மேண்ட்ரலோடு, மட்டமாக வைத்த இரண்டு நேர்ப்பட்டைகளின் மேல் உருட்டிவிட்டேன். கனமான பக்கம் எப்போதும் கீழே வந்து நிற்கும். இந்தப் புல்லி மூன்று முறையும் ஒரே இடத்தில் நின்றது. அந்த இடத்தில், விளிம்பின் பக்கவாட்டு முகத்தில் 8 மி.மீ. ட்ரில்லால் ஆழமில்லாமல் இரண்டு குழி போட்டேன். அதற்குப் பிறகு விட்ட இடத்திலெல்லாம் நின்றது. செக்குக்காரர் அன்று சாயங்காலமே வந்து, ஷாஃப்ட்டில் ஏற்றியே எடுத்துக்கொண்டு போனார்.